கரியும் கழனியும் – 9: சுரங்கத்தின் விளிம்பு ஊர்கள்

1957 மே 20 அன்று நெய்வேலியில் நேரு சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்த நிகழ்ச்சியோடு சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு நவம்பரில் தில்லிக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவில் சில பெருந்தொழில்களை நிறுவ சோவியத் ஒன்றியம் 50 கோடி ரூபிள் கடன் தருவதாக ஏற்றது. ராஞ்சியின் கனரக இயந்திரத் தொழிற்சாலையோடு நெய்வேலி அனல்மின் நிலையமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1962 மே மாதம் 50 மெகாவாட் திறன்கொண்ட முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1970க்குள் மொத்தத் திறன் 600 மெகாவாட் ஆனது. தெற்காசியாவிலேயே பழுப்பு நிலக்கரியில் ஓடிய முதல் மின்நிலையம் இதுதான். டர்பைனைப் பொருத்த வந்த ரஷ்யர்களைப் பற்றி நெய்வேலியின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இன்னும் அன்போடு பேசுகிறார்கள். கருவியை மறைக்காமல் கையில் கொடுத்து வேலை கற்றுத் தந்தார்கள் என்பதே அவர்கள் எல்லோரும் சொல்வது.

அந்த ரஷ்யர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு கொடிய காலத்தைச் சிறுவயதிலேயே பார்த்தவர்கள். நெய்வேலியின் நிலக் கதைக்குள் போகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏன் என்பது இந்த அத்தியாயம் முடிவதற்குள் விளங்கும்.

1929 இறுதியில் ஸ்டாலின் அரசு உழவர்களின் நிலம், மாடு, கலப்பை, விதை எல்லாவற்றையும் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்க உத்தரவிட்டது. சேர மறுத்தவனுக்கு ‘குலாக்’ என்று பட்டம் கட்டி வீட்டைப் பூட்டி, குடும்பத்தோடு வடக்கே நாடு கடத்தினார்கள். 1930 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உக்ரைனின் மேற்கு எல்லை மாவட்டங்கள் கொந்தளித்தன. அன்றைய போலந்து எல்லையை ஒட்டிய ஷெப்பெத்திவ்கா, அதற்குத் தெற்கே துல்சின் போன்ற பகுதிகள் அவை. பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். பிடுங்கிய தானியத்தையும் மாட்டையும் திருப்பிக் கொடு, பூட்டிய தேவாலயத்தைத் திற என்று கேட்டார்கள். சில கிராமங்களில் உள்ளூர் அதிகாரிகளை விரட்டிவிட்டு ஊரைத் தாங்களே நடத்தினார்கள். சிலர் எல்லை தாண்டிப் போலந்துக்குப் போகக் கிளம்பினார்கள். எல்லைப்புறம் என்பதால் மாஸ்கோ நடுங்கியது. உக்ரைன் ரகசியப் போலீஸின் தலைவர் பலித்ஸ்கி நேரில் போய் ஆயுதப் படைகளைக் கொண்டு அடக்கினார். அந்த ஓராண்டில் மட்டும் சோவியத் நாடெங்கும் 13,754 கிளர்ச்சிகள் நடந்ததாக ரகசியப் போலீஸின் கணக்கே சொல்கிறது.

1930 மார்ச் 2 அன்று ‘பிராவ்தா’ இதழில் ஸ்டாலின் ஒரு கட்டுரை எழுதினார். வெற்றி மயக்கத்தில் கீழ்மட்ட ஊழியர்கள் வரம்பு மீறிவிட்டார்கள் என்று பழியை இறக்கிவைத்தார். உடனே உழவர்கள் கூட்டம் கூட்டமாகக் கூட்டுப்பண்ணையை விட்டு வெளியேறினார்கள். மார்ச் தொடக்கத்தில் பாதிக்கு மேல் இருந்த குடும்பங்களின் பங்கு, அந்தக் கோடைக்குள் கால் பங்குக்கும் கீழே இறங்கியது. மனம் ஒப்பிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அரசு மறுபடியும் வந்தது. 1932 ஆகஸ்ட் 7இல் பண்ணைத் தானியத்தைத் திருடினால் மரண தண்டனை வரை தரும் சட்டம் வந்தது. வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களும் அதில் சிக்கினார்கள். 1932–33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்திலிருந்து 40 லட்சம் பேர் வரை மாண்டதாக மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். எல்லையோரப் போலிஷ், ஜெர்மன் குடும்பங்களை நம்ப முடியாதவர்கள் என்று சொல்லி 1936இல் கஜகஸ்தானுக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

இனி நம் பக்கம் வருவோம்.

நெய்வேலியில் மேல்மண்ணை அள்ளிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கூட்டுப்பண்ணை பற்றிய பேச்சு இந்தியாவையும் உலுக்கியது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப் பயிர்த்தொழிலை வருங்கால வேளாண்மை முறையாக அறிவித்தது. காங்கிரசுக்குள்ளேயே சரண் சிங் கடுமையாக எதிர்த்தார். ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் அதே ஆண்டு சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்கள். உழவனின் வரப்பை அரசு அழிக்கப் பார்க்கிறது என்று ராஜாஜி ‘ஸ்வராஜ்யா’விலும் ‘கல்கி’யிலும் ஓயாமல் எழுதினார். ஆள்பவர்களோ வற்புறுத்தல் இராது, விரும்பியவர்கள் சேரலாம் என்று சமாதானம் சொன்னார்கள். சில ஆண்டுகளில் திட்டம் ஓசையின்றிக் கைவிடப்பட்டது. இந்திய உழவன் கூட்டுப்பண்ணையிலிருந்து தப்பினான்.

தமிழ்நாட்டு மேடைகளில் நிலம் பற்றி அனல் பறக்கப் பேசிய அதே நாட்களில், தென்னாற்காடு மாவட்டத்தில் ஊர் ஊராக நிலம் அரசின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைக் கூட்டுப்பண்ணை என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அங்கே வேலை செய்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். உழவனின் ஒப்புதல் வேண்டுமா வேண்டாமா என்று நாகபுரித் தீர்மானத்தின்மீது நாடே வாதாடியது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த இந்தச் சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. விடுதலைக்குப் பின்னும் 66 ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது.

சட்டம் நடந்த விதத்தைச் சொல்கிறேன். நான்காம் பிரிவின்படி அறிவிக்கை அரசிதழில் வரும். 5-ஏ பிரிவின்படி முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கேட்பவர் கலெக்டர், முடிவெடுப்பது அரசு. ஆறாம் பிரிவின்படி ‘பொது நோக்கம்’ என்று அறிவித்துவிட்டால் அந்த நோக்கத்தைப் பற்றி அதற்குமேல் வாதம் இல்லை. பதினொன்றாம் பிரிவில் இழப்பீட்டுத் தொகை முடிவாகும். தொகை போதாது என்பவர்கள் பதினெட்டாம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவசரம் என்று அரசு கருதினால் பதினேழாம் பிரிவைக் காட்டி ஆட்சேப விசாரணையையே தாண்டிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்கு, தாலுகா அலுவலகத்தின் சுவரில் ஒட்டிய ஆங்கிலத் தாள் என்ன சொல்லியிருக்கும்? மணியக்காரர் வாய்வழியாகச் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம்.

விலை எப்படி முடிவானது என்பதையும் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயப் பத்திரங்களின் விலைதான் அளவுகோல். பத்திரச் செலவைக் குறைக்க எல்லோரும் விலையைக் குறைத்துப் பதிவது நம்மூர் வழக்கம். அந்தப் பொய் விலைதான் உழவனுக்குக் கிடைத்த மெய் விலை. அதன்மேல் கட்டாயமாகப் பறிப்பதற்காக 15 விழுக்காடு கூடுதல் தந்தார்கள். 1984 திருத்தத்துக்குப் பிறகு அது 30 ஆனது. மண்ணுக்கு அடியில் கிடந்த கரிக்கு ஒரு காசும் கிடையாது. கீழே கரி இருப்பதால்தான் நிலமே தேவைப்பட்டது என்றாலும், விலை போட்டது மேலே நின்ற மல்லாட்டைக்குத்தான், அதாவது நிலக்கடலைக்குத்தான்.

அது எப்படிப்பட்ட நிலம் என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்கு வடக்கிலும் மேற்கிலும் செம்மண் மேடு. முந்திரிக் கொல்லை, பலா, கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் இந்த மண்ணின் பிள்ளைகள். தெற்கிலும் கிழக்கிலும் மண் கறுத்து, நீர் பெருகி, கழனிகள் தொடங்கும். பரவனாறும் அதன் பெருமாள் ஏரியும், சேத்தியாத்தோப்புப் பக்கத்து வாலாஜா ஏரியும், அதற்கப்பால் வீராணமும் அந்தக் கழனிகளுக்குத் தாய்மடி. காவிரிப் படுகையின் வடக்கு விளிம்பு இங்கேதான் முடிகிறது. இந்த இரண்டு நிலங்களும் சந்திக்கும் இடத்தில்தான் கரிப்படுகை கிடக்கிறது.

இன்னொரு செல்வமும் இருந்தது. குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கி வழியும் ஆர்ட்டீசியன் ஊற்று. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் குழாய்க் கிணறு தோண்டியபோது கரும்பொருள் மேலே வந்ததை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். அதை மேலே தூக்கி வந்தது அந்த ஊற்றின் அழுத்தம்தான். அதே அழுத்தம் சுரங்கத்துக்கு எமன். கரிப்படுகைக்குக் கீழே கிடக்கும் நீர், மேல்மண்ணை அகற்றியதும் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகவே இரவு பகலாக, வருடம் முழுதும், பெரிய பம்புகளால் நீரை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தபடியே இருக்க வேண்டும். உறிஞ்சிய நீர் அனல்மின் நிலையத்துக்குப் போனது; டவுன்ஷிப்புக்குப் போனது; மிஞ்சியது வாய்க்கால் வழியே ஏரிகளுக்கு வந்தது. சில ஊர்களின் கழனிகள் அந்த நீரால் பிழைத்ததும் உண்மை. ஆனால் தானாகப் பொங்கிய ஊற்றுகள் அடங்கின. காசில்லாமல் கிடைத்த தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தேவைப்பட்டன. இப்படி நீரை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓர் ஏக்கர்கூடக் கையகப்படுத்தப்படவில்லை. ஆகவே அவர்கள் இழப்பீட்டுப் பட்டியலில் ஒருபோதும் வரவில்லை.

இனி ஆட்கள். நிலம் இழந்தவர்களில் மிகுதியானோர் வன்னியர்கள். அவர்களின் கொல்லையிலும் கழனியிலும் கூலிக்கு உழைத்தோரில் பெரும்பகுதி தலித்துகள். தென்னாற்காட்டு உழவர்களுக்குக் குரலே இல்லாமல் இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 1952 தேர்தலில் சட்டமன்றத்துக்கு 19 பேரை அனுப்பியது. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. 1954இல் காமராஜர் முதல்வரானபோது இருவரும் அமைச்சரவையில் இருந்தார்கள். நில எடுப்பை நடத்திய வருவாய்த் துறை மாணிக்கவேலு நாயக்கரிடமே இருந்தது. உழவர்களின் பெயரால் வந்தவர்கள் கோட்டைக்குள் இருந்த காலத்திலேயே நிலம் போனது. இதை நான் துரோகம் என்று எழுத மாட்டேன். மாவட்டத்துக்குத் தொழில் வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். ஊரே நம்பியது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தை மனமுவந்து கொடுத்தவர். ஆனால் ஒருவர் மனமுவந்து கொடுத்ததைக் காட்டி மற்றவர்களும் அப்படியே கொடுத்தார்கள் என்று வரலாறு எழுதிவைத்திருப்பதுதான் தவறு.

பட்டா உள்ளவருக்குத் தொகை வந்தது. குத்தகைக்குப் பயிர் செய்தவருக்கும், கூலிக்கு நாற்று நட்டவருக்கும், ஊர்ப் புறம்போக்கில் ஆடு மேய்த்தவருக்கும், பட்டா இல்லாத குடிசையில் மூன்று தலைமுறையாக இருந்தவருக்கும் சட்டத்தின் கண்ணில் இழப்பே நேரவில்லை. ஊர் முழுவதும் பெயர்க்கப்படும்போது ஊரின் பாதிக்கு ஒன்றும் எழுதப்படாது. மாற்றுக் குடியிருப்பில் மனை கிடைத்தவர்களுக்கும் அந்த மனைக்குப் பட்டா வாங்கப் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1961இல் வந்தது. ஒரு குடும்பம் 30 தர ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. பெரிய மிராசுதாரிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. ஒன்றரை ஏக்கர்காரனிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை, முழுவதையும் எடுக்கலாம்.

நெய்வேலி கொடுத்ததையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் மின்சாரம். யூரியா ஆலை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அடுப்புகளில் எரிந்த லெக்கோ கரி. பள்ளிகள், பெரிய மருத்துவமனை, எண்ணிட்ட வட்டங்களாக மரநிழலில் அமைந்த ஊர். கிராமத்துப் பிள்ளைகள் பொறியாளர்களானார்கள். நிலம் கொடுத்த முதல் தலைமுறையில் பலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அந்தக் குடும்பங்கள் நிமிர்ந்தன. ஆனால் வேலை என்பது நிலத்துக்கு மாற்று என்ற அந்த வாக்கு காலம் போகப் போக மெலிந்தது. இயந்திரங்கள் பெருத்தன. நிரந்தர வேலையின் இடத்தில் ஒப்பந்த வேலை வந்தது. அப்பன் கொடுத்த நிலத்தில் மகன் காண்டிராக்டரிடம் நாள்கூலிக்கு நிற்க நேர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தங்களைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நிலம் போனவர்களைப் பற்றியாவது கோப்புகளில் ஏதோ இருக்கிறது. சுரங்கத்தின் விளிம்பில் காத்திருக்கும் ஊர்களைப் பற்றி எதுவுமே இல்லை.

திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஜெர்மன் வாளிச் சக்கர இயந்திரங்கள் மேல்மண்ணை அறுத்துக்கொண்டு முன்னேறும். முன்னால் இருக்கும் ஊர் பெயரும். பின்னால் மண் கொட்டி மேடு எழும்பும். முதல் சுரங்கத்துக்குப் பின் இரண்டாம் சுரங்கம், அதன்பின் 1-ஏ சுரங்கம் என்று வந்தபோது, கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்புப் பக்கங்களில் ஒரு ஊர் மாற்றி ஒரு ஊர் விளிம்பானது. கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன், வளையமாதேவி, அம்மேரி, கொள்ளிருப்பு, முதனை என்று அந்தப் பெயர்களைக் கடலூர் மாவட்டத்து வாசகர்கள் நாளேடுகளில் திரும்பத் திரும்பப் படித்திருப்பார்கள்.

உங்கள் ஊர் எடுக்கப்படும் என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது என்று தெரியாது. ஐந்து வருடமா, பதினைந்து வருடமா? அன்றிலிருந்து அந்த ஊரில் வீடு கட்டுவது நிற்கும். எடுப்பில் உள்ள சர்வே எண்ணின்மேல் வங்கி கடன் கொடுக்காது. நிலத்தை விற்க முடியாது; விற்றாலும் பாதி விலை. பெண் கொடுக்க யோசிப்பார்கள். இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிற ஊர் இது என்று பள்ளிக்கும் சாலைக்கும் பணம் ஒதுக்க மாட்டார்கள். கோயில் கும்பாபிஷேகத்தைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். வெடிச் சத்தமும் புழுதியும் தினசரி வரும். மழைக்காலத்தில் மண்மேடு கரைந்து ஓடைவழியே இறங்கி ஏரியைத் தூர்க்கும். வாலாஜா ஏரி அப்படித் தூர்ந்து கிடந்து, பல ஆண்டு முறையீட்டுக்குப் பிறகே தூர்வாரப்பட்டது. இத்தனையும் நடப்பது ஒரு ரூபாய் இழப்பீடு வாங்குமுன். ஊர் பெயர்வது ஒரு நாள் நிகழ்ச்சி. காத்திருப்பு ஒரு தலைமுறை. இந்தக் காத்திருப்புக்கு விலை போடும் பிரிவு 1894 சட்டத்திலும் இல்லை, அதற்குப் பின் வந்ததிலும் இல்லை.

பின்வந்த சட்டத்தின் கதை தமிழ்நாட்டுக்கே உரிய ஒன்று. சிங்கூரிலும் நந்திகிராமத்திலும் நடந்த போராட்டங்கள், குறிப்பாக 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமத்தில் 14 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது, நாட்டின் மனச்சான்றைத் தொட்டன. 2013இல் புதிய நில எடுப்புச் சட்டம் பிறந்து 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு, தனியார் திட்டங்களுக்கு நில உடைமையாளர்களின் ஒப்புதல், கூலியாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் மறுவாழ்வு என்று முந்தைய சட்டம் கண்டிராத பலவற்றை அது கொண்டுவந்தது. ஆனால் தமிழ்நாட்டு அரசு 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களை அதன் பிடியிலிருந்து விலக்கியது. அவற்றில் ஒன்று தொழில்களுக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம். தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் நிலம் எடுக்கும் வழி அதுவே. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் 105-ஏ செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி அந்த மூன்றுக்கும் மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுத் தொகை புதிய சட்டத்தின்படி உயர்ந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் வரவில்லை. எந்த ஆட்சி என்று பிரித்துப் பேச இதில் இடமில்லை. திருத்தம் கொண்டுவந்த கட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த கட்சியும் அதைத் தொடவில்லை.

அப்புறம் 2023 ஜூலை 26.

சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நெற்பயிர் வளர்ந்து நின்றது. காலையில் நூற்றுக்கணக்கான போலீசாரின் காவலோடு பொக்லைன்கள் வயலுக்குள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலில் எஞ்சிய பகுதியை வெட்டுவதற்காக, பச்சைப் பயிரைப் புரட்டி மண்ணுக்குள் தள்ளின. தொலைக்காட்சியில் பார்த்த ஊரெல்லாம் பதறியது. நெல்லை மிதித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள் நாம். 28ஆம் தேதி பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகைப் போராட்டத்தில் அன்புமணி ராமதாஸ் கைதானதும் கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை என்று நெய்வேலி கலவரமானது. போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். காவலர்களும் தொண்டர்களும் காயமடைந்தார்கள்.

நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நிலங்கள் 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தி இழப்பீடும் கொடுக்கப்பட்டவை. பயிரிட வேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்ததாக நிறுவனம் சொன்னது. இரண்டாம் சுரங்கம் பழைய ஆற்றுத் தடத்தை நெருங்கிவிட்டது. திருப்பு வாய்க்கால் முடியாவிட்டால் கரி வெட்டு நின்று மின்சாரம் குறையும் என்றது. இவை பொய் அல்ல. சட்டப்படி நிலம் நிறுவனத்தினுடையது.

ஆனால் பத்துப் பதினைந்து வருடம் தன் கையில் பத்திரமாக வைத்திருந்தும் நிறுவனம் அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. விலை ஏறிவிட்டது, நாங்கள் வாங்கியது அற்பத் தொகை, சொன்ன வேலை வரவில்லை என்று உழவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணெதிரே தண்ணீர் பாயும் கழனி தரிசாகக் கிடந்தால் உழவன் ஏர் கட்டாமல் இருப்பானா? விதைத்தான். ஒரு வருடமல்ல, வருடா வருடம் விதைத்து அறுத்தான்; யாரும் தடுக்கவில்லை. பத்து வருடம் பொறுத்தவர்கள் இரண்டு மாதம் பொறுக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணியும் இதைத்தான் கேட்டார். அறுவடை வரை காத்திருக்க முடியாதா என்று வேதனைப்பட்டார். பின்னர் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கவும், மீதிப் பயிரை அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். ஆக, காத்திருக்க முடிந்தது. நீதிமன்றம் சொன்ன பிறகு முடிந்தது, ஜூலை 26 காலையிலும் முடிந்திருக்கும்.

அதற்குச் சில மாதம் முன்பு, 2023 ஏப்ரலில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலும், தஞ்சைப் பக்கத்து வடசேரியிலும், மைக்கேல்பட்டியிலும் நிலக்கரி எடுக்க ஏலம் விடுவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. டெல்டா முழுதும் கொதித்தது. சட்டமன்றம் ஒரே குரலில் எதிர்த்தது. சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவுக்குக் கவசமாக நின்றது. அந்தச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் உண்டு. ஆனால் அது வருவதற்கு முன்பே தொடங்கிய திட்டங்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அதே தண்ணீர், அதே நெல், அதே மாவட்டம். ஒரு பக்கத்துக் கழனிக்குச் சட்டசபையே எழுந்து நின்றது. இன்னொரு பக்கத்துக் கழனிக்குப் போலீஸ் வந்தது.

இப்போது உக்ரைன் எல்லைக்கு ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியும் ஸ்டாலினின் கூட்டுப்பண்ணையும் ஒன்றல்ல. இங்கே யாரையும் சைபீரியாவுக்கு அனுப்பவில்லை. பஞ்சம் உண்டாக்கவில்லை. பணம் கொடுத்தார்கள், நீதிமன்றம் இருந்தது, தேர்தல் இருந்தது, ஒரு நீதிபதி வருந்தியதும் உத்தரவு வந்தது. இந்த வேறுபாடுதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு. அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உக்ரைனில் செத்தவர்களையும் அவமதிக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. நாட்டின் பொது நன்மை எது என்று தலைநகரில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, உழவனின் சம்மதத்தைக் கடைசிப் படியில்கூடக் கேட்காமல் விடுவது. 1930 மார்ச்சில் வெளியே போகலாம் என்று கதவு சற்றுத் திறந்ததும் லட்சக்கணக்கானோர் வெளியேறியது போல, நெய்வேலி விளிம்பிலும் ஒரு முறையாவது கதவைத் திறந்து கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கரி எடுக்கவே முடிந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. விலையும் வேலையும் மாற்று நிலமும் சரியாகக் கிடைத்த இடத்தில் மக்கள் கொடுத்தார்கள் என்பதற்கு நெய்வேலியின் முதல் தலைமுறையே சான்று.

கரி எடுத்து முடித்த குழிகளை நிறுவனம் நிரப்பி, மேல்மண் பரப்பி, மரம் நட்டிருக்கிறது; பயிரும் விளைவித்துக் காட்டியிருக்கிறது. நல்ல வேலை அது, மனமாரப் பாராட்டுகிறேன். அப்படியானால் அந்த நிலத்தில் ஒரு பகுதியை, அதை இழந்த குடும்பங்களின் வாரிசுகளுக்கும் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் உழுதுகொள்ளக் கொடுப்பதில் என்ன தடை? சட்டம் தடுக்கிறது என்றால் சட்டத்தை மாற்றும் இடம் சென்னையிலும் தில்லியிலும் இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீட்டைச் சேர்ப்பதும், நிலம் எடுத்து ஐந்தாண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உடைமையாளரிடமே திருப்பித் தருவதும் தமிழ்நாட்டு அரசு இன்றே செய்யக்கூடியவை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பெயர்ந்த ஊர்களில் உங்கள் குடும்பம் இருந்திருந்தால், பழைய பட்டா, நில எடுப்பு நோட்டீசு, இழப்பீட்டு ரசீது, ஊர்க் கோயில் திருவிழாப் பத்திரிகை எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் தெருக்களின் பெயரையும் ஏரி, களம், சுடுகாடு இருந்த இடங்களையும் கேட்டு எழுதிவையுங்கள். நிறுவனத்தின் வரலாறு அச்சாகிவிட்டது. ஊர்களின் வரலாறு இன்னும் உங்கள் பரணில்தான் கிடக்கிறது.

(தொடரும்)